வேகன்ஆரா, டியாகோவா? பெங்களூருவில் பழைய கார் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பெங்களூரு: முதல் முறையாகக் கார் வாங்க நினைக்கும் குடும்பங்கள், புதிய காருக்கான தொகை கைக்கு எட்டாதபோது பழைய காரை நாடுகின்றன. அவ்வாறு தேடுவோரின் பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் இரண்டு பெயர்கள் மாருதி சுசுகி வேகன்ஆர், டாடா டியாகோ. இரண்டும் 4 மீட்டருக்கும் குறைந்த நீளம் கொண்ட பெட்ரோல் கார்கள். ஐந்தாறு ஆண்டுகள் ஓடிய பிறகு இவை ஏறத்தாழ ஒரே விலை வட்டத்திற்குள் வந்துவிடுகின்றன.

"வேகன்ஆர் என்றால் மைலேஜ், டியாகோ என்றால் பாதுகாப்பு" என்பது இவை குறித்துப் பரவலாகச் சொல்லப்படும் கருத்து. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், புதிய காருக்குப் பொருந்தும் இக்கருத்து பழைய காருக்கு அப்படியே பொருந்துவதில்லை. எந்த மாதத்தில் தயாரானது, எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்து ஒரே பெயர் கொண்ட இரு கார்களின் பாதுகாப்பும் செயல்திறனும் பெரிதும் வேறுபடுகின்றன. 2019-ஆம் ஆண்டையொட்டித் தயாரான வண்டிகளை மையமாகக் கொண்டு இந்த ஒப்பீடு அமைகிறது.

2019 ஏன் முக்கியம்?

டியாகோ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. முதலில் 'சிகா' என்று பெயரிடப்பட்டிருந்த இந்தக் காருக்கு, அதே காலகட்டத்தில் ஜிகா வைரஸ் பரவியதால் டியாகோ என்று பெயர் மாற்றப்பட்டது. வேகன்ஆரின் மூன்றாம் தலைமுறை 2019 ஜனவரியில் வெளியானது. உயரம் மிகுந்த பழைய பெட்டி வடிவத்தைத் தக்கவைத்துக்கொண்டு, அகலமும் டிக்கி அளவும் கூட்டப்பட்ட மாதிரி இது.

அதே 2019-இல்தான் இந்தியாவில் கார் பாதுகாப்பு விதிகளும் மாறின. ஏற்கெனவே விற்பனையில் இருந்த கார் மாதிரிகளுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் ஏபிஎஸ் எனப்படும் சக்கரப் பூட்டுத் தடுப்பு பிரேக் கட்டாயமானது. 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் நினைவூட்டல், வேக எச்சரிக்கை, பின்புறப் பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயமாயின. ஆகவே, சில மாத இடைவெளியில் தயாரான இரண்டு கார்களுக்கு இடையே கூட, பாதுகாப்புச் சாதனங்களில் பெரிய வேறுபாடு இருக்கக்கூடும்.

எண்கள் சொல்வது என்ன?

வேகன்ஆர் இரண்டு என்ஜின்களில் கிடைத்தது. பழைய கார் விளம்பரங்களில் இந்த வேறுபாடு பல நேரங்களில் குறிப்பிடப்படுவதில்லை என்பதால், ஆர்.சி.யில் உள்ள கன அளவை (சி.சி.) முதலில் பார்ப்பது நல்லது.

• வேகன்ஆர் 1.0: 998 சி.சி., 3 சிலிண்டர், 68 குதிரைத்திறன், 90 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, எடை சுமார் 815 கிலோ.
• வேகன்ஆர் 1.2: 1,197 சி.சி., 4 சிலிண்டர், 83 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, எடை சுமார் 835 கிலோ.
• டியாகோ 1.2: 1,199 சி.சி., 3 சிலிண்டர், 85 குதிரைத்திறன், 114 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, எடை சுமார் 1,010 கிலோ.

இந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் டியாகோ முன்னிலையில் இருப்பதுபோலத் தோன்றும். குதிரைத்திறன், முறுக்குவிசை இரண்டிலும் அதன் எண்ணே பெரியது. ஆனால், கடைசியில் உள்ள எடையையும் சேர்த்துக் கணக்கிட்டால் நிலைமை மாறுகிறது.

எடைக்கேற்ற திறன்

ஒரு டன் எடைக்கு எத்தனை குதிரைத்திறன் கிடைக்கிறது என்று வகுத்துப் பார்த்தால், வேகன்ஆர் 1.2-க்குச் சுமார் 99, டியாகோவுக்குச் சுமார் 84, வேகன்ஆர் 1.0-க்குச் சுமார் 83 என்று விடை வருகிறது. அதாவது, ஓட்டுநர் மட்டும் அமர்ந்து செல்லும்போது டியாகோவின் 1.2 லிட்டர் என்ஜின், வேகன்ஆரின் சிறிய 1.0 லிட்டர் என்ஜின் அளவுக்கே வண்டியை இழுக்கிறது. 1.2 லிட்டர் வேகன்ஆர் இரண்டையும் விடத் துரிதமாகச் செல்லும்.

நான்கு பேரும் பயணப் பைகளும் ஏறினால் கணக்கு மீண்டும் மாறும். கூடுதல் சுமையை 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு டன்னுக்கான திறன் வேகன்ஆர் 1.2-க்கு 73 ஆகவும், டியாகோவுக்கு 65 ஆகவும், வேகன்ஆர் 1.0-க்கு 61 ஆகவும் குறைகிறது. குடும்பத்துடன் அடிக்கடி சேலம், வேலூர் என்று நெடுஞ்சாலையில் பயணிப்போருக்கு 1.0 லிட்டர் என்ஜின் மூச்சு வாங்குவதற்கு இதுவே காரணம்.

பெங்களூருவுக்கே உரிய இன்னொரு காரணியும் உண்டு. இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கு காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் டர்போ இல்லாத என்ஜின்களின் திறன் ஏறத்தாழ 9 சதவீதம் குறைகிறது. மேற்கண்ட மூன்று என்ஜின்களுமே டர்போ இல்லாதவை. எனவே, சென்னையில் ஓட்டிப் பார்த்து வாங்கிவந்த கார் பெங்களூருவில் சற்று மந்தமாகத் தோன்றினால், அதை உடனே பழுது என்று கருதத் தேவையில்லை.

நெரிசலில் எது நல்லது?

டாம்டாம் நிறுவனத்தின் 2024-ஆம் ஆண்டு போக்குவரத்துக் குறியீட்டின்படி, பெங்களூருவில் 10 கிலோமீட்டர் தொலைவைக் கடக்கச் சராசரியாக 34 நிமிடம் 10 விநாடிகள் ஆகின்றன. இது மணிக்குச் சுமார் 17.5 கிலோமீட்டர் வேகம். சில்க் போர்டு சந்திப்பிலோ ஹெப்பால் மேம்பாலத்திலோ சிக்கும் காருக்கு உச்ச வேகமோ உச்சத் திறனோ பயன்படப் போவதில்லை. குறைந்த சுழற்சியில் கிடைக்கும் இழுவை, இலகுவான கிளட்ச், சாலை நன்றாகத் தெரியும் இருக்கை உயரம் ஆகியவையே அங்கு முக்கியம்.

டியாகோவின் முறுக்குவிசை நிமிடத்திற்கு 3,500 சுழற்சியில் உச்சத்தை எட்டுகிறது. வேகன்ஆர் 1.2-க்கு இது 4,200 சுழற்சி. டியாகோவுக்குச் சாதகமான இந்த வேறுபாட்டை வேகன்ஆரின் குறைந்த எடை பெருமளவு ஈடுசெய்கிறது. சிக்னலில் நிற்கும்போது 3 சிலிண்டர் என்ஜின்களின் அதிர்வு இருக்கையிலும் ஸ்டீயரிங்கிலும் உணரப்படும். டியாகோ, வேகன்ஆர் 1.0 இரண்டுக்கும் இது பொருந்தும். 4 சிலிண்டர் கொண்ட வேகன்ஆர் 1.2 இதில் அமைதியானது.

வேகன்ஆரின் உயரம் 1,675 மில்லிமீட்டர். டியாகோவின் உயரம் 1,535 மில்லிமீட்டர். முழங்கால் வலி உள்ள முதியவர்கள் வேகன்ஆரில் குனியாமல் ஏறி இறங்கலாம். அதே உயரம் நெடுஞ்சாலை வளைவுகளில் வண்டியைச் சற்றுச் சாயச் செய்கிறது. தாழ்வாகவும் கனமாகவும் உள்ள டியாகோ, அதிவேகத்தில் சாலையை உறுதியாகப் பற்றிச் செல்லும் உணர்வைத் தருகிறது.

இரண்டு கார்களிலும் ஏஎம்டி எனப்படும் தானியங்கி கியர் வகை உண்டு. இதில் ஓட்டுநர் கிளட்ச் மிதிக்கத் தேவையில்லை என்றாலும், உள்ளே கிளட்ச் தட்டு இருக்கிறது. நெரிசலில் அதுவும் தேயும். ஆகவே, ஏஎம்டி வகையை வாங்குவோர் கிளட்ச் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பதைச் சர்வீஸ் பதிவில் பார்க்க வேண்டும்.

டிக்கி, எரிபொருள் கலன்

வேகன்ஆரின் டிக்கி கொள்ளளவு 341 லிட்டர், டியாகோவுக்கு 242 லிட்டர். ஏறத்தாழ 100 லிட்டர் வேறுபாடு என்பது ஒரு பெரிய சூட்கேஸுக்கான இடம். எரிபொருள் கலன் டியாகோவில் 35 லிட்டர், வேகன்ஆரில் 32 லிட்டர். சக்கர அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரம் வேகன்ஆரில் 2,435 மில்லிமீட்டர், டியாகோவில் 2,400 மில்லிமீட்டர். இதனால் பின்னிருக்கையில் கால் நீட்டும் இடமும் வேகன்ஆரில் சற்றுக் கூடுதல்.

மைலேஜ் கணக்கு

சான்றளிக்கப்பட்ட மைலேஜ் அளவுகளின்படி, பிஎஸ்-4 டியாகோ பெட்ரோல் லிட்டருக்கு 23.84 கிலோமீட்டர் தரும். வேகன்ஆரின் அறிமுகக் கால அளவுகள் 1.0-க்கு 22.5, 1.2-க்கு 21.5 கிலோமீட்டர். வேகன்ஆர் 1.2 என்ஜின் 2019 ஜூனிலேயே பிஎஸ்-6 தரத்திற்கு மாற்றப்பட்டது. அதன் பிறகு அதன் அளவு 20.52 கிலோமீட்டர் எனக் குறைந்தது.

தாளில் டியாகோ முந்தினாலும், இவை ஆய்வக நிலைமைகளில் எடுக்கப்பட்ட அளவுகள். நின்று நின்று செல்லும் நகரப் போக்குவரத்தில் ஒவ்வொரு முறை புறப்படும்போதும் முழு எடையையும் நகர்த்த வேண்டியிருப்பதால், கனமான காருக்கே இழப்பு அதிகம். நகருக்குள் இரண்டு கார்களும் சான்றளிக்கப்பட்ட அளவைவிடக் கணிசமாகக் குறைவாகவே தரும்.

அந்த வேறுபாடு பணமாக எவ்வளவு என்று ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் இரு கார்களில் ஒன்று லிட்டருக்கு 13 கிலோமீட்டரும் மற்றொன்று 14 கிலோமீட்டரும் தருவதாகக் கொண்டால், வேறுபாடு 55 லிட்டர். பெட்ரோல் விலையை லிட்டருக்கு 103 ரூபாய் என்று கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 5,700 ரூபாய். ஒரு கிளட்ச் மாற்றும் செலவே இதை விழுங்கிவிடும் என்பதால், மைலேஜை மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியாகாது.

தற்போது விற்கப்படும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுகிறது. இந்த எரிபொருளுக்கென வடிவமைக்கப்படாத கார்களின் மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்று மத்திய அரசு 2025 ஆகஸ்டில் விளக்கமளித்தது. 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான கார்களை வாங்குவோர், எரிபொருள் குழாய், ரப்பர் வளையம் போன்றவற்றின் நிலையைப் பரிசோதிப்பது நல்லது.

பாதுகாப்பு: அந்த நட்சத்திரம் எந்தக் காருக்கு?

குளோபல் என்கேப் அமைப்பு, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரைத் தடுப்பில் மோதவிட்டு மதிப்பிடும் சோதனைகளை நடத்துகிறது. 2020 ஜனவரியில் வெளியான முடிவின்படி, டியாகோ பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 4 நட்சத்திரங்களும், குழந்தைகளுக்கான பாதுகாப்பில் 3 நட்சத்திரங்களும் பெற்றது. வேகன்ஆர் 2019-இல் இரண்டு பிரிவுகளிலும் தலா 2 நட்சத்திரங்கள் பெற்றது. மாற்றப்பட்ட, கடுமையான விதிமுறைகளின்கீழ் 2023 ஏப்ரலில் வெளியான முடிவில், வேகன்ஆர் பெரியவர்களுக்கு 1 நட்சத்திரமும் குழந்தைகளுக்குப் பூஜ்ஜியமும் பெற்றது.

இந்த ஒப்பீட்டில் டியாகோவின் மேன்மை தெளிவானது. எனினும், சோதிக்கப்பட்ட டியாகோ இரண்டு முன்புற ஏர்பேக்குகளைக் கொண்ட வண்டி. சோதிக்கப்பட்ட 2019 வேகன்ஆர் ஓட்டுநர் ஏர்பேக் மட்டும் கொண்ட அடிப்படை வகை.

2016 முதல் 2019 தொடக்கம் வரை விற்பனையான டியாகோக்களில் உயர் வகையான எக்ஸ்இசட்டில்தான் இரண்டு ஏர்பேக்குகளும் ஏபிஎஸ்ஸும் நிலையாக வழங்கப்பட்டன. கீழ் வகைகளில் ஏர்பேக் கூடுதல் பணம் கொடுத்துப் பெறும் தெரிவாகவே இருந்தது. பலர் அதைப் பெறாமலேயே வாங்கினர். அத்தகைய வண்டி இன்று பழைய கார் சந்தையில் "4 நட்சத்திர டியாகோ" என்ற பெயரிலேயே விற்பனைக்கு வரக்கூடும்.

எடுத்துக்காட்டாக, ஒரே விலை சொல்லப்படும் இரண்டு கார்களை எண்ணிப் பார்க்கலாம். ஒன்று 2018-இல் தயாரான டியாகோ எக்ஸ்எம். மற்றொன்று 2019-இல் தயாரான வேகன்ஆர் விஎக்ஸ்ஐ. முதல் காரில் ஏர்பேக் ஒன்றுகூட இல்லாதிருக்கலாம். இரண்டாவது காரில் ஓட்டுநர் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் அறிமுக நாளிலிருந்தே உண்டு. இந்த இரு வண்டிகளுக்கு இடையே "டியாகோ பாதுகாப்பானது" என்ற பொது மதிப்பீட்டை நம்பி முதல் காரைத் தேர்ந்தெடுப்பவர், எதற்காகப் பணம் கொடுக்கிறாரோ அதையே இழக்கிறார்.

வேகன்ஆரிலும் முன்பக்கப் பயணிக்கான ஏர்பேக் உயர் வகையான இசட்எக்ஸ்ஐயில் நிலையாகவும், மற்ற வகைகளில் தெரிவாகவும் இருந்தது. விற்பனையில் இருந்த எல்லாக் கார் மாதிரிகளுக்கும் முன்புறம் இரண்டு ஏர்பேக்குகள் என்ற விதி, 2021 டிசம்பர் 31 வரை கால அவகாசம் அளிக்கப்பட்ட பிறகே முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இதைச் சரிபார்க்கச் சில எளிய வழிகள் உள்ளன. ஸ்டீயரிங்கின் நடுவிலும், முன்பக்கப் பயணிக்கு எதிரே உள்ள பலகையிலும் ஏர்பேக் குறியீடு பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். சாவியைத் திருப்பியதும் மீட்டர் பலகையில் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். விளக்கு அணையாமலிருந்தால் பழுது உள்ளது. எரியவே இல்லையென்றால், விபத்தில் வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கு மட்டும் துண்டிக்கப்பட்டிருக்கலாம். அதேபோல், 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டும்போது எச்சரிக்கை ஒலி எழுப்பும்.

தயாரிப்பு மாதமும் பதிவு மாதமும் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். ஆர்.சி.யில் இரண்டும் தனித்தனியே இருக்கும். 2019 இறுதியில் பதிவான கார், அதே ஆண்டின் தொடக்கத்தில் தயாரானதாக இருக்கலாம்.

திரும்ப அழைக்கப்பட்ட வண்டிகள்

தயாரிப்புக் குறைபாடு தெரியவரும்போது நிறுவனங்கள் கார்களைத் திரும்ப அழைத்து இலவசமாகச் சரிசெய்கின்றன. இத்தகைய அழைப்புகள் வேகன்ஆருக்கு அறிவிக்கப்பட்டுள்ளன.

2018 நவம்பர் 15 முதல் 2019 ஆகஸ்ட் 12 வரை தயாரான 40,618 வேகன்ஆர் 1.0 கார்கள், எரிபொருள் குழாய்ச் சோதனைக்காக 2019 ஆகஸ்டில் அழைக்கப்பட்டன. 2018 நவம்பர் 15 முதல் 2019 அக்டோபர் 15 வரை தயாரான 56,663 வேகன்ஆர் 1.0 கார்கள், எரிபொருள் பம்ப் சோதனைக்காக 2020 ஜூலையில் அழைக்கப்பட்டன. 2019 ஜூலை 30 முதல் நவம்பர் 1 வரை தயாரான 4,190 வேகன்ஆர் கார்களுக்கு 2024 மார்ச்சில் மற்றோர் அழைப்பு வெளியானது.

கைமாறிய கார்களின் புதிய உரிமையாளரை இந்த அறிவிப்புகள் எட்டாமல் போவதுண்டு. எரிபொருள் பம்ப் செயலிழந்தால் ஓடும்போதே என்ஜின் நின்றுவிடலாம் என்பதால் இது அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. எந்த நிறுவனத்தின் காராக இருந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், அழைப்புப் பணி நிலுவையில் உள்ளதா என்பதை அறியலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய காரா?

2022 செப்டம்பர் தொடக்கத்தில் பெய்த கனமழையில் பெல்லந்தூர், எமலூர், சர்ஜாபுரா சாலைப் பகுதிகளில் அடுக்ககங்களின் அடித்தள வாகன நிறுத்தங்களில் நீர் புகுந்து ஏராளமான கார்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் அதே நிலை ஏற்பட்டது. 2019-ஆம் ஆண்டுக் கார் ஒன்று, இவ்விரண்டு வெள்ளங்களில் ஒன்றைக் கண்டிருக்க வாய்ப்பு உண்டு.

மூழ்கிய காரை வெளிப்புறத் தோற்றத்தால் அறிவது கடினம். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்துப் பார்த்தால், அதன் அடிப்பகுதியில் சேற்றுக்கறை தெரியலாம். இருக்கைக்குக் கீழுள்ள தண்டவாளங்களிலும் திருகுகளிலும் துரு, தரைவிரிப்புக்கு அடியில் மண், ஃபியூஸ் பெட்டிக்குள் பச்சை படிந்த செம்பு முனைகள், ஏசி போட்டதும் எழும் ஈரவாடை ஆகியவை பிற அறிகுறிகள்.

காப்பீட்டு ஆவணமும் ஒரு தடயம் தரும். காப்பீட்டுத் தொகை கோராத உரிமையாளருக்கு ஆண்டுதோறும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்ற படிநிலையில் தள்ளுபடி உயரும். ஒரே உரிமையாளரிடம் ஐந்தாறு ஆண்டுகள் இருந்த காரின் காப்பீட்டில் தள்ளுபடி பூஜ்ஜியமாகவோ 20 சதவீதமாகவோ இருந்தால், அண்மையில் தொகை கோரப்பட்டிருக்கலாம் அல்லது காப்பீடு இடையில் காலாவதியாகியிருக்கலாம். காரணத்தை விற்பவரிடம் கேட்டு, காப்பீட்டு நிறுவனத்திடம் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

ஓசூர் காரின் உண்மையான விலை

பெங்களூருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஓசூரில், டிஎன்-70 பதிவெண் கொண்ட கார்கள் சற்று மலிவாகக் கிடைப்பதாகக் கருதி அங்கு செல்வோர் உண்டு. விலை வேறுபாட்டுக்கு வரி ஒரு காரணம். 2019-இல் 10 லட்சம் ரூபாய் வரையிலான கார்களுக்குத் தமிழ்நாட்டின் வாழ்நாள் வரி 10 சதவீதமாக இருந்தது. கர்நாடகாவில் 5 லட்சம் ரூபாய் வரை 13 சதவீதமும், 5 முதல் 10 லட்சம் வரை 14 சதவீதமும், அவற்றின் மீது கூடுதல் வரியும் வசூலிக்கப்பட்டன. 5.5 லட்சம் ரூபாய்க் காருக்குத் தமிழ்நாட்டில் 55,000 ரூபாய் என்றால், கர்நாடகாவில் கூடுதல் வரி நீங்கலாகவே 77,000 ரூபாய்.

வேறு மாநிலத்தில் பதிவான வாகனத்தை ஒரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆவது பிரிவு. அதற்கு முதலில் தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையில்லாச் சான்று பெற வேண்டும். பின்னர் கர்நாடகாவில் காரின் வயதுக்கேற்பக் கணக்கிடப்படும் வாழ்நாள் வரியைச் செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் செலுத்திய வரியில் எஞ்சிய பங்கைத் திரும்பப் பெற விண்ணப்பிக்கலாம். ஆனால், அந்தத் தொகை பின்னரே வரும். ஆகவே, கர்நாடக வரி, போக்குவரத்து அலுவலகக் கட்டணங்கள், அலைச்சல் ஆகியவற்றைக் கூட்டிய பிறகே, கேஏ பதிவெண் கொண்ட காருடன் விலையை ஒப்பிட வேண்டும்.

ஆவணங்களில் கவனிக்க வேண்டியவை

கார் கடனில் வாங்கப்பட்டிருந்தால், ஆர்.சி.யில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடன் தீர்ந்திருந்தாலும், அந்தப் பதிவை நீக்கும் வரை பெயர் மாற்றம் நடைபெறாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் கேட்டுப் பெற வேண்டும். பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, படிவம் 30 ஆகியவை தேவை. வாங்கியவர் 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

பெயர் மாற்றம் விற்பவருக்கும் முக்கியம். ஆர்.சி.யில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. விற்று, கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் மட்டும் பொறுப்பு நீங்கிவிடாது.

இடைத்தரகர்கள், பழைய கார் விற்பனையகங்கள் தொடர்பாக 2022 டிசம்பரில் வெளியான மத்திய அரசின் விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. இதன்படி, பழைய வாகன விற்பனையாளர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற வேண்டும். கார் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டதும் அது குறித்துத் தெரிவிக்கவும் வேண்டும். வாங்குவோர் அந்த அங்கீகாரச் சான்றைக் காட்டும்படி கேட்கலாம்.

நிலுவையில் உள்ள போக்குவரத்து அபராதங்களையும் பதிவெண்ணை வைத்து இணையத்தில் பார்க்கலாம். பெங்களூருவில் சிக்னல் கேமராக்கள் மூலம் பதிவாகும் அபராதங்கள் உரிமையாளருக்கே தெரியாமல் சேர்ந்திருக்கக்கூடும். தேங்கிய அபராதங்களை வசூலிக்க, கர்நாடக அரசு 2023 பிப்ரவரியில் 50 சதவீதத் தள்ளுபடி வழங்க வேண்டிய அளவுக்கு அவற்றின் எண்ணிக்கை இருந்தது.

பெயர் மாற்றத்துடன் மூன்றாம் தரப்புக் காப்பீடு புதிய உரிமையாளருக்கு மாறும். ஆனால், வண்டியின் சொந்தச் சேதத்திற்கான காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பழைய உரிமையாளரின் தள்ளுபடி அவருக்கே உரியது. அது காருடன் வராது.

விலை பேசும் முன்

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜிஎஸ்டி, கூடுதல் வரி உட்பட 29 சதவீதமாக இருந்த நிலையிலிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. இதனால் புதிய வேகன்ஆர், டியாகோ இரண்டின் விலையும் குறைந்தது. பழைய காரின் விலையைப் பேசும்போது, அதன் அன்றைய கொள்முதல் விலையை அடிப்படையாகக் கொள்ளாமல், அதே வகைப் புதிய காரின் இன்றைய விலையிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

காரை ஓட்டிப் பார்ப்பதற்குக் காலை நேரம் உகந்தது. என்ஜின் குளிர்ந்த நிலையில் தொடங்கும்போதுதான் அதன் உண்மையான ஓசையும் புகையும் வெளிப்படும். விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காரணம் கேட்கலாம். மேம்பால ஏற்றத்தில் நிறுத்திப் புறப்படும்போது என்ஜின் சத்தம் கூடியும் வண்டி நகரத் தாமதித்தால், கிளட்ச் தேய்ந்திருக்கிறது என்று பொருள். ஓடோமீட்டர் காட்டும் தூரத்தைச் சர்வீஸ் பதிவுகளுடன் ஒப்பிட வேண்டும். பெடல்களின் ரப்பரும் ஸ்டீயரிங் உறையும் மிகவும் தேய்ந்திருக்க, தூரம் மட்டும் 30,000 கிலோமீட்டர் என்று காட்டினால் ஐயப்படலாம்.

யாருக்கு எது?

நகருக்குள்ளேயே பெரும்பாலும் ஓட்டுவோர், வீட்டில் முதியவர்கள் உள்ளோர், டிக்கி இடம் தேவைப்படுவோர் ஆகியோருக்கு இரண்டு ஏர்பேக்குகள் கொண்ட வேகன்ஆர் 1.2 பொருத்தமானது. தனியாக அலுவலகம் சென்றுவரச் சிறிய கார் போதும் என்போருக்கு வேகன்ஆர் 1.0 போதுமானது. திரும்ப அழைப்புப் பணிகள் முடிந்தனவா என்பதை மட்டும் தவறாமல் பார்க்க வேண்டும்.

நெடுஞ்சாலைப் பயணம் அதிகம் உள்ளோர், மோதலின்போது கிடைக்கும் பாதுகாப்புக்கு முதலிடம் தருவோர் ஆகியோருக்கு டியாகோவே சரியான தேர்வு. ஆனால், அது இரண்டு ஏர்பேக்குகளும் ஏபிஎஸ்ஸும் கொண்ட எக்ஸ்இசட் வகையாகவோ, 2020 ஜனவரியில் வெளியான புதுப்பிக்கப்பட்ட மாதிரியாகவோ இருக்க வேண்டும். ஏர்பேக் இல்லாத டியாகோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அது 4 நட்சத்திரம் பெற்ற கார் ஆகாது.